ஒட்டக மார்க்கெட்

பேரூராட்சி செயல் அலுவலர் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பியபோது, பள்ளிக்கூடப் பையன்கள் மறுபடியும் அலுவலகச் சுவரில் கரியால் எதையோ கிறுக்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தச் சுவருக்காக அதற்கு முன்னால் இரண்டு தடவை போய்த் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். இந்த முறை அவர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். எனக்கு அப்போதே குழப்பம் ஆரம்பித்துவிட்டது.

"சார், ஒட்டக மார்க்கெட்ட கலை பண்பாட்டு மையமா மாத்தணும்னு மாவட்டத்துல இருந்து உத்தரவு வந்திருக்கு. கமிட்டியில கலை தெரிஞ்சவுக ஒருத்தர் இருக்கணுமாம். விசாரிச்சுப் பாத்தேன். ஊர்ல நீங்க ஒருத்தர்தான்னு சொன்னாக."

நான் உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியர். ஆறாம் வகுப்புக்கு மாம்பழம், ஏழாம் வகுப்புக்குக் குடம், எட்டாம் வகுப்புக்கு இரண்டு மலைக்கு நடுவே சூரியன். கணக்கு வாத்தியார் பாடம் முடிக்கவில்லையென்றால் என் வகுப்பை எடுத்துக்கொள்வார். இதைத்தான் கலை என்று ஊர் சொல்லியிருக்கிறது.

"பண்பாட்டு மையம்னா அதுல என்ன செய்யணும் சார்?" என்று கேட்டேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "அதச் சொல்லத்தான் சார் கமிட்டி."

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஒட்டக மார்க்கெட் அதற்கும் முப்பது வருடம் முன்னால் கட்டியது. கம்பம் போகிற சாலையை ஒட்டி, ஏழு வளைவுகள் வரிசையாக எழுந்து இறங்கும் கான்கிரீட் கூரை. வளைவுகள் திமில் மாதிரி இருந்ததால் ஊர் அந்தப் பெயரை வைத்துவிட்டது. சுவர் கிடையாது. சுவருக்குப் பதிலாக ஓட்டை ஓட்டையான சிமெண்டுக் கற்களை அடுக்கியிருந்தார்கள். உள்ளே கடை போடுவதற்கு இடுப்பளவு உயரத்தில் இரண்டு வரிசை மேடைகள். யார் வரைந்து கொடுத்தார்கள், எதைப் பார்த்து இப்படிக் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் வரைபடமும் இல்லை.

கட்டி முடித்த நாளிலிருந்தே யாருக்கும் அது பிடிக்கவில்லை. எட்டுப் படி ஏறி மூட்டையை இறக்கவேண்டும். மாட்டுவண்டி உள்ளே போகாது. வியாபாரிகள் ஒவ்வொருவராக வெளியே வந்து சாலையோரம் சாக்கை விரித்தார்கள். பிறகு மொத்த வியாபாரம் ஊருக்கு வெளியே போய்விட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் உள்ளே ஆடுகளும், சீட்டாடுகிறவர்களும், மூன்றே மூன்று கடைகளும் இருந்தன. மூன்றில் ஒன்று அக்காவின் வாழை இலைக் கடை.

அக்கா என்றால் என் பெரியம்மா மகள். கூடப்பிறந்தவள் மாதிரி. மாமா இறந்தபிறகு இலைக்கட்டும் வெற்றிலையும் விற்றே இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். கிழக்கு ஓரத்து மேடையில் ஈரச் சாக்கை விரித்து, ஏடு ஏடாக அடுக்கி, கட்டி, தண்ணீர் தெளித்தபடி இருப்பாள். எனக்கு அந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே அடையாளம் அவள்தான். அதை நான் ஒரு கட்டடமாகப் பார்த்ததே இல்லை.

பார்க்க வைத்தது மதுரையிலிருந்து வந்த கட்டடக்கலைப் பெண். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். மாவட்டத்திலிருந்து அவரை அனுப்பியிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி சாலையைக் கடந்தவர் பாதியில் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஜீப் ஹாரன் அடித்தும் நகரவில்லை.

"சார், இவ்வளவு அழகான கட்டடத்தைப் பற்றி ஏன் யாருமே சொல்லவில்லை?" என்று என்னிடம் கேட்டார்.

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார். ஆட்டுப் புழுக்கையை மிதித்ததுகூடத் தெரியவில்லை. வளைவின் கனம் நாலு விரற்கடைதான் இருக்கும் என்றும், அவ்வளவு மெல்லிசான கூரை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கிறது என்றும் சொன்னார். ஓட்டைக் கற்கள் மேற்கு வெயிலை மறைத்து மலைக்காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன என்றார். கையை நீட்டிப் பார்த்தேன். காற்று வந்தது. இருபது வருடம் அக்காவிடம் இலை வாங்கியிருக்கிறேன், ஒரு நாளும் அந்தக் காற்றைக் கவனித்ததில்லை.

"நீங்கள் டிராயிங் சார்தானே? ஒரு படம் போட்டுக் கொடுங்களேன், அறிக்கையில் சேர்க்கலாம்" என்றார்.

அடுத்த இரண்டு சனிக்கிழமை எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து வரைந்தேன். வளைவுகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகவேண்டும். என் கையில் அவை மேடு பள்ளமாக, மழையில் நனைந்த அட்டைபோல வந்தன. இருபது வருட வாத்தியாருக்கு எதிரில் நிற்கிற ஒரு கூரை வசப்படவில்லை. எது அழகு என்று சொல்லிக்கொடுப்பது என் தொழில். பக்கத்தில் இருந்த ஒன்று அழகா அசிங்கமா என்று எனக்கே தெரியாமல் போனது எப்படி? படத்தைக் கொடுக்காமலே விட்டுவிட்டேன். அவரும் நாகரிகமாக அதைக் கேட்கவில்லை.

மூன்றாவது கூட்டத்தில் ஒரு கடிதம் சுற்றி வந்தது. ஐந்தே வரி. சீரமைப்புப் பணிகள் முடியும்வரை கட்டடத்தினுள் உள்ள ஆக்கிரமிப்புகளைத் தற்காலிகமாக அப்புறப்படுத்த இக்குழு பரிந்துரைக்கிறது. ஒரு கையில் டீ டம்ளரும் மறுகையில் பேனாவுமாகப் படித்தேன், கையெழுத்தைப் போட்டேன். பக்கத்தில் இருந்தவருக்குத் தள்ளினேன்.

நாலாம் நாள் அக்கா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு ஆளனுப்பிக் கூப்பிட்டாள். கையில் கடையைக் காலி செய்யச் சொன்ன நோட்டீசு.

"ஏலே தம்பி, ஆக்கிரமிப்புன்னா என்னலே?"

"அடுத்தவுக எடத்துல அத்துமீறி இருக்கிறதுதான்க்கா."

"நான் எவுக எடத்துல அத்துமீறி இருந்தேன்?"

"அது ஆபீசு எழுத்து. எல்லாத்துக்கும் அப்படித்தான் எழுதுவாக."

"கீழ உன் கையெழுத்து இருக்குன்னு சொன்னாக. நீ படிச்சவன். படிக்காமப் போட்டியா, படிச்சுட்டுப் போட்டியா?"

படிக்காமல் போட்டேன் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், திட்டிவிட்டுப் போயிருப்பாள். "படிச்சுட்டுத்தான் போட்டேன்" என்றேன். அதுதான் உண்மை. ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஈரச் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பது இவள் என்பதுதான் அந்த நிமிஷத்தில் தோன்றவே இல்லை. இதை எப்படிச் சொல்லி விளக்குவது? எனக்கே விளங்கவில்லையே.

"தற்காலிகம்னு போட்டிருக்கு. அது எத்தன நாளு?"

"தெரியலக்கா."

நோட்டீசை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் இலைக்கட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நாலு மூங்கில் நட்டு, தார்ப்பாய் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது என் மனைவியிடம் நின்று பேசினாள், என்னைத் தாண்டி நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "நீங்க கையெழுத்துப் போடலைன்னா வேலை நின்னுருக்குமா?"

"நிக்காது."

"அப்ப எதுக்குப் போட்டீக?"



வேலை தொடங்கியது. மேடைகளை இடித்துத் தரையைச் சமப்படுத்தவேண்டும் என்பது செயல் அலுவலரின் எண்ணம். "நாற்காலி போடணும்ல சார். கலெக்டர் வந்தா மேடையிலயா ஏறி உக்காருவாக?" மேடைகளில்தான் ஜனங்கள் உட்காரவேண்டும், அதுதான் இந்தக் கட்டடத்தின் குணம் என்பது கட்டடக்கலைப் பெண்ணின் வாதம். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொல்வதும் சரியாகப் பட்டது, இவர் சொல்வதும் சரியாகப் பட்டது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கான்டிராக்டர் ஆட்கள் சம்மட்டியோடு ஒரு மேடையில் இறங்கிவிட்டார்கள். இரண்டு நாள் அடித்தும் ஒரு முனைதான் பெயர்ந்தது. உள்ளே அவ்வளவு கம்பி. மூன்றாம் நாள் ஒருவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். மற்றவர்கள் சம்மட்டியைச் சாய்த்து வைத்துவிட்டார்கள். அப்படித்தான் மேடைகள் தப்பின. யாரும் முடிவெடுத்ததாக ஞாபகம் இல்லை.

ஆடுகள் போயின. ஓட்டைக் கற்களில் இருந்த குருவிக்கூடுகளைக் கலைக்கவேண்டாம் என்று அந்தப் பெண் பிடிவாதமாக நின்று கேட்டுக்கொண்டார். மேற்கு முனையில் ஆடரங்கு எழும்பியது. சுண்ணாம்பு அடித்ததும் ஏழு வளைவுகளும் வெள்ளை வெளேரென்று நின்றன. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என்ன செய்தோம் என்று பெருமை என்றுதான் தெரியவில்லை.

திறப்பு விழாவுக்கு முன்னால் ஒரு சோதனை பார்க்கலாம் என்று எங்கள் பள்ளிப் பேச்சுப் போட்டியை அங்கே வைத்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மைக் முன்னால் வந்து நின்றாள். "அன்பார்ந்த ஆசிரியர்களே" என்றாள். கூரை "களே, களே, களே" என்றது. அவள் நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். முதல் வாக்கியம் அடங்குவதற்குள் இரண்டாவது அதன்மேல் ஏறியது. வளைவுக்கு வளைவு பட்டு, ஏழு பேர் ஒரே சமயத்தில் பேசுவதுபோல இருந்தது. முன் வரிசையில் இருந்த எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மைக்கை அணைத்துப் பார்த்தோம், கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பிள்ளைகள் போட்டியை விட்டுவிட்டு ஆளாளுக்குக் கூவி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மாணவி அழுதாள்.

விழாவுக்கு ஏற்பாடு செய்திருந்த தவில்காரரைக் கூட்டி வந்து காட்டினோம். தவிலைத் தோளில் மாட்டி இரண்டே நிமிஷம் வாசித்தார். கழற்றிக் கீழே வைத்தார்.

"ஒரு அடி அடிச்சா மூணாத் திரும்பி வருது. நான் என் தாளத்துக்கு வாசிக்கவா, கூரை போடுற தாளத்துக்கு வாசிக்கவா?"

செயல் அலுவலர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தெர்மாகோல் அட்டை ஒட்டித் தட்டையாகக் கூரை போட்டு வளைவை மூடிவிடலாம் என்றார் கான்டிராக்டர். அந்தப் பெண் அதைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எனக்கும் தெரியவில்லை சார்" என்றார். "புத்தகத்தில் சொல்லியிருக்கிறபடி கணக்குப் போட்டேன். இவ்வளவு வரக்கூடாது."

அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. குழப்பம் எனக்கு மட்டும் இல்லை.

ஐப்பசி பிறந்தது. சாலையின் ஒரு பாதியில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் தவில்காரரும் நாதஸ்வரக்காரரும் வேறு எந்த இடத்தில் உட்கார்ந்தால் சரிப்படும் என்று உள்ளே இடம் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேகமலைப் பக்கம் இருட்டியது. ஐந்து நிமிஷத்தில் அடித்துப் பெய்தது. காயப் போட்டிருந்த சம்சாரிகள், விவசாயிகள்தான், சோளத்தை வாரி வாரிச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு எட்டுப் படியும் ஏறி உள்ளே ஓடி வந்தார்கள். ஐம்பது, அறுபது மூட்டை இருக்கும். மேடை மேல், மேடைக்குக் கீழே, ஓட்டைக் கல்லை ஒட்டி, கிடைத்த இடத்தில் எல்லாம் அடுக்கினார்கள். செயல் அலுவலர் "புதுச் சுண்ணாம்பு, புதுச் சுண்ணாம்பு" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு மூட்டையின் பின்னாலும் போனார். பஸ் நிறுத்தத்துத் தார்ப்பாய் காற்றில் கிழிந்து, அக்காவும் இலைக்கட்டைத் தலையில் வைத்தபடி ஓடி வந்தாள். அவளுடைய பழைய மேடையிலேயே இறக்கினாள். திரும்பிப் போய் இரண்டாவது கட்டை எடுத்து வந்தபோது நான் ஓடிப்போய் வாங்கினேன். வாங்க விட்டாள்.

தவில்காரர் இந்தக் கூட்டத்தை எல்லாம் கவனிக்காமல் வாசித்துக்கொண்டிருந்தார். சட்டென்று கையை நிறுத்தினார். அண்ணாந்து பார்த்தார். மறுபடி ஒரு அடி. ஒரு அடி ஒரு அடியாகவே கேட்டது.

"நின்னுருச்சு" என்றார்.

எது என்று எங்களுக்குப் புரியவில்லை. ஒரே அடுக்கை மூன்று தடவை திருப்பி அடித்து முடிக்கிற தீர்மானம் ஒன்றை வாசித்தார். கடைசி அடி விழுந்ததும் மழைச் சத்தம்தான் கேட்டது. கூரை வாயைத் திறக்கவில்லை.

மழையாலா, ஈரக் காற்றாலா, ஆட்களாலா, மூட்டைகளாலா என்று எங்களுக்குள் பெரிய விவாதம். மறுநாள் மழை இல்லை, ஆட்கள் இல்லை, மூட்டைகள் மட்டும் இருந்தன. வாசித்தார், சரியாக இருந்தது. அதற்கு மறுநாள் மூட்டைகளை எடுத்துப் போனார்கள். எதிரொலி திரும்பி வந்தது. மதுரைக்கு போன் போட்டுச் சொன்னேன். எத்தனை மூட்டை, எங்கெங்கே அடுக்கியிருந்தார்கள் என்று அந்தப் பெண் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "மூட்டை இருக்கும் என்று வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள் சார். காலி செய்தது நாம்தான்" என்றார். அது சரிதானா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. கட்டியவருக்கு அப்படி எண்ணம் இருந்ததா, தானாக அமைந்ததா, யாரிடம் போய்க் கேட்பது?

சாக்குகளை நெட்டுக்குத் தைத்து உள்ளே தேங்காய் நார் திணித்து, ஒவ்வொரு வளைவின் சரிவிலும் கம்பி கட்டித் தொங்கவிட்டோம். பிள்ளைகளை வைத்து நீலமும் காவியுமாகச் சாயம் ஏற்றினேன். விழாவுக்கு வந்த அதிகாரி அண்ணாந்து பார்த்து, "இது என்ன உங்கள் ஊர்க் கைவினையா?" என்று செயல் அலுவலரிடம் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்பதுபோலவும் இல்லை என்பதுபோலவும் தலையை ஆட்டினேன். அதிகாரி தன் பேச்சில் அதைப் பாராட்டிச் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது.

இதற்கிடையில் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. கிழக்கு ஓரத்து மேடையில் நாலடிக்கு ஆறடி, இலைக் கடை என்று வரைபடத்தில் ஒரு கட்டம் போடச் சொல்லிக் கட்டடக்கலைப் பெண்ணிடம் கேட்டிருந்தேன். அவர் உடனே போட்டுவிட்டார். செயல் அலுவலர்தான் தயங்கினார்.

"பண்பாட்டு மையத்துக்குள்ள இலைக் கடைய எந்த விதியில சார் காட்டுறது?"

விசேஷம் என்றால் இலை இல்லாமல் உண்டா, ஆகவே இதுவும் பண்பாடுதான் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது உண்மை மாதிரியும் இருந்தது, ஏமாற்று மாதிரியும் இருந்தது. எத்தனையோ நாள் நடந்த பிறகு ஒப்புதல் கிடைத்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக பஸ் நிறுத்தத்துக்குப் போனேன்.

அக்கா இலை கட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் குமுளி ஜீப் ஒன்று நின்றது. டிரைவரிடம், "நாளெ அஞ்சு கெட்டு வேணோ, பத்து வேணோ?" என்று அவள் பாதி மலையாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜீப் போனபிறகு தாளை நீட்டினேன். படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன்.

"பழைய எடமே கெடச்சிருச்சா?"

"ஆமாக்கா. எழுத்துல இருக்கு. இனிமே யாரும் எந்திரின்னு சொல்ல முடியாது."

கட்டடத்தின் பக்கம் பார்த்தாள். "நான் வரலடா" என்றாள்.

"ஏன்க்கா, இன்னும் கோவமா?"

"கோவந்தான். அது வேற. இங்கன யாவாரம் நல்லாருக்கு. கேரளாக்காரவுக ஜீப்ப நிப்பாட்டி நின்ன வாக்குல வாங்கிட்டுப் போறாக. அங்கன எட்டுப் படி ஏறி எவுக வருவாக? இத்தன வருசம் எனக்குத்தான் அது தெரியல."

"அப்ப உன்னைய வெளியேத்துனது நல்லதுன்னு சொல்றியா?"

"அப்படிச் சொல்லல." இலைக்கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "நல்லது நடந்துச்சு. நீ செஞ்சது நல்லது இல்ல. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாத."

டீ வாங்கி வரச் சொன்னாள். இரண்டு டம்ளர் வாங்கி வந்தேன். அதற்குப் பிறகு பூசை முடிந்து வரும்போது என்னோடும் பேசினாள். ஆனாலும் மன்னிப்புக் கேட்கும் சந்தர்ப்பம் என்று ஒன்று எனக்கு அமையவே இல்லை. கேட்பதற்கு இருந்த காரணம் அவளுக்குப் பயன்பட்டுப் போயிருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு நாள் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொல்லவே வாயெடுத்தேன். "பஸ் வருது, வழிய விடுலே" என்றாள்.

இரண்டு மூன்று வருடம் போயிற்று. செயல் அலுவலர் மாற்றலாகிப் போனார். கட்டடக்கலைப் பெண் வேறு மாநிலத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அங்கிருந்து ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கட்டடம் இப்போது எப்படிப் பயன்படுகிறது என்பதைக் காட்டுகிற மாதிரி ஒரே ஒரு புகைப்படம் வேண்டும், ஒரு கருத்தரங்கில் காட்டப்போகிறேன் என்று கேட்டிருந்தார்.

பக்கத்து ஸ்டுடியோவில் கேமரா இரவல் வாங்கிக்கொண்டு போனேன். காலையில் அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற பையன்களும் பெண்களும் மேடை மேடையாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற தேயிலைத் தோட்டத்து ஆட்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். அவர்களை எழுப்பவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்குப் பந்தல்காரர்கள் சீரியல் பல்பு கட்ட வந்தார்கள். அவர்கள் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஆடரங்கில் நாலைந்து பெண் பிள்ளைகள் சிலம்பம் பழகினார்கள். இலைக் கடைக்கென்று விட்ட கட்டத்தில் யாரோ மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள்.

இதில் எது பண்பாட்டுப் பயன்பாடு? எல்லாமா, ஒன்றுமில்லையா? ஒரு நாள் முழுக்க நின்று பதினொரு படம் எடுத்தேன். எதைத் தேர்ந்தெடுப்பது என்று மனைவியிடம் காட்டினேன். அவள் துண்டை விரித்துப் படுத்திருந்தவர்களின் படத்தை எடுத்து, "இதுல காத்து வர்றது தெரியுது" என்றாள். எங்கள் பெரிய மகள் சிலம்பத்தைச் சொன்னாள். எனக்கு ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் அதுதான் சரி என்று பட்டது, அடுத்ததைப் பார்த்ததும் முந்தையது தப்பு என்று பட்டது.

கடைசியில் பதினொன்றையும் ஒரே உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். நீங்களே பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குத் தெரியவில்லை என்று எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கருத்தரங்கில் பதினொன்றையும் காட்டினேன், எல்லோரும் இது ஒரே கட்டடமா என்று கேட்டார்கள், ஆமாம் என்று சொல்லச் சிரமமாக இருந்தது என்று எழுதியிருந்தார்.